மே மாத ஞாயிற்றுக்கிழமையில் வீடு பார்க்காதீர்கள்

சென்னை சைதாப்பேட்டையில் பதினோரு வருடம் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். 2023 ஏப்ரலில் வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம், வீடு வேண்டும் என்று சொல்லிவிட்டார். நாங்கள் கொடுத்துக்கொண்டிருந்தது 15,000. அதே அளவு வீட்டுக்கு அக்கம்பக்கத்தில் 24,000, 25,000 கேட்டார்கள். என் கணவருக்கு தோஹாவில் வேலை, வருடத்துக்கு ஒரு மாதம்தான் வருவார். வீட்டில் நான், நாலாவது போகும் மகள், யுகேஜி போகும் மகன், சர்க்கரையும் முட்டிவலியும் உள்ள மாமியார். எனக்கு எழும்பூரில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. மின்சார ரயில் இருக்கும்போது என்ன கவலை, தாம்பரம் பக்கம் போய்விடலாம் என்று ஒரே வாரத்தில் முடிவெடுத்தேன். அந்த ஒரு வார அவசரத்துக்குக் கொடுத்த விலை ஒரு வருடமும் 1,83,700 ரூபாயும். கணக்கு எழுதுவதுதான் பிழைப்பு என்பதால் ஒவ்வொரு செலவும் நோட்டில் இருக்கிறது.

முடிச்சூரில் அந்த வீட்டைப் பார்க்கப் போனது மே மாதம், ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணி. தாம்பரத்திலிருந்து ஆட்டோவில் பன்னிரண்டு நிமிடத்தில் போய்விட்டோம். தனி வீடு, இரண்டு படுக்கையறை, முன்னால் ஒரு வேப்பமரம், வாடகை 14,000. புது பெயிண்ட் வாசனை அடித்தது. சுவரில் கீழே மூன்றடிக்கு அடர்த்தியான காப்பி நிறம், மேலே வெளிர் மஞ்சள். குழந்தைகள் கை வைத்தால் அழுக்குத் தெரியாது என்று அதையும் ஒரு வசதியாகவே நினைத்தேன். அத்தைக்கு வாசலைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. "படியே இல்லம்மா, என் முட்டிக்கு இதுதான் சரி" என்றார். தெருவில் மற்ற வீடுகளுக்கெல்லாம் நாலு படி, ஐந்து படி. எங்கள் வீடு மட்டும் தெருவோடு தெருவாக இருந்தது. எதிர்வீட்டு அக்கா தன் வாஷிங் மெஷினை இடுப்பு உயரத்துக்குச் சிமென்ட் மேடை கட்டி அதன்மேல் வைத்திருந்தார். குனிய முடியாது போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டேன். கண்ணெதிரே எல்லாமே எழுதி வைத்த மாதிரி இருந்திருக்கிறது. எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

தண்ணீர் தேங்குமா என்று கேட்காமல் இல்லை. புரோக்கரிடம் கேட்டேன். "மழைன்னா எல்லா இடத்துலயும் கொஞ்சம் நிக்கத்தான்மா செய்யும், அரை மணி நேரத்துல வடிஞ்சிடும்" என்றார். அவர் சொன்னதை முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. கேள்வியை நான் கேட்ட விதம்தான் தப்பு. "தண்ணி வருமா?" என்று கேட்டால் யாரும் வராது என்றுதான் சொல்வார்கள். பக்கத்தில் சொந்த வீடு வைத்திருப்பவர்கள்கூட அப்படித்தான் சொல்வார்கள், அவர்கள் வீட்டு விலை அதில் இருக்கிறது. "2015 வெள்ளத்துல தண்ணி எது வரைக்கும் வந்துச்சு?" என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் அவர்கள் கை தானாகவே முழங்காலுக்கோ இடுப்புக்கோ நெஞ்சுக்கோ போகும். வாய் பிறகு என்ன சொன்னாலும் அந்தக் கையை நம்புங்கள். இதைக் கேட்கச் சரியான ஆள் தெருமுனையில் இஸ்திரி போடுபவர். எந்த வீட்டில் யார் எத்தனை மாதத்தில் காலி செய்தார்கள் என்பது வரை அவருக்குத் தெரியும், வீட்டு விலையைப் பற்றி அவருக்கு எந்தக் கவலையும் கிடையாது.

2015 டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலை வரை தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டதால் ஊர் மூழ்கியது என்று நான் பேப்பரில் படித்திருந்தேன். முடிச்சூருக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் என்ன சம்பந்தம், அது எங்கோ இருக்கிறது என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, செம்பரம்பாக்கத்து உபரி நீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலைப் பக்கம். முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு முன்னாலேயே வந்துவிடுகின்றன. இங்கே வருவது ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்து வரும் தண்ணீர். அதனால் டிவியில் செம்பரம்பாக்கம் நிலவரம் சொல்வதைக் கேட்டு நிம்மதியாகப் படுத்துவிடக் கூடாது. நீங்கள் போகும் ஊருக்கு மேற்கே எந்த ஏரி, அது நிரம்பினால் வழியும் கலங்கல் எந்தப் பக்கம், தண்ணீர் எந்தத் தெரு வழியாகப் போகும் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். தாங்கல், ஏரிக்கரை என்று நகரின் பெயரிலோ தெருவின் பெயரிலோ இருந்தால் இரண்டு முறை விசாரியுங்கள்.

மழைக்கு முன்னாலேயே கஷ்டம் ஆரம்பித்துவிட்டது. ஞாயிறு மதியம் பன்னிரண்டு நிமிடத்தில் போன தூரம் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நாற்பது நிமிடம் ஆனது. ஷேர் ஆட்டோவில் இடம் கிடைக்கவே பத்து நிமிடம். தாம்பரத்தில் ஏறினால் எழும்பூர் முக்கால் மணி நேரம்தான், ரயிலில் ஒரு குறையும் இல்லை. வீட்டிலிருந்து ஸ்டேஷன் போவதுதான் உயிரை வாங்கியது. "ஸ்டேஷனிலிருந்து ஐந்து கிலோமீட்டர்" என்று யாராவது சொன்னால் கிலோமீட்டரை விட்டுவிடுங்கள். வேலைநாளில், நீங்கள் கிளம்பும் அதே நேரத்தில், நீங்கள் போகப்போகும் அதே வண்டியில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். சாயங்காலமும் அதே மாதிரி. இரவு எட்டரைக்குத் தாம்பரத்தில் இறங்கி, மெயின் ரோட்டில் ஷேர் ஆட்டோவை விட்டு, இரண்டு தெரு உள்ளே நடக்க வேண்டும். தெருவிளக்கு ஒன்று விட்டு ஒன்றுதான் எரியும். நாய்கள் வேறு. கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட் வைத்துக்கொள்ளப் பழகினேன். (அதில் ஒரு வெள்ளை நாய் கடைசி வரை வீட்டு வாசல் வரைக்கும் துணைக்கு வந்தது, அது வேறு கதை.)

தண்ணீர் இன்னொரு விஷயம். போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணீர். குடிக்கக் கேன் வாங்குவோம், அது எல்லா இடத்திலும் உள்ளதுதான். மூன்றாவது மாதம் ஹீட்டர் கம்பியில் சுண்ணாம்பு மாதிரி படிந்து தடிமனாகிவிட்டது. மகளுக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. வீடு பார்க்கும்போது குளியலறைக் குழாயைத் திறந்து கொஞ்சம் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துப் பார்த்தாலே தெரிந்திருக்கும், நுரையே வராது. நான் அறைகளின் அளவைத்தான் பார்த்தேன். கரண்டுக்கு வீட்டுக்காரர் யூனிட்டுக்கு 9 ரூபாய் என்று கணக்குப் போட்டார். வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது மின்வாரியத்துக்கும் அவருக்கும் நடுவிலேயே நின்றுவிட்டது. தனி மீட்டரா, பில் யார் கட்டுவது என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள். கொடுத்த பிறகு கேட்டால் முகம் மாறிவிடும்.

டிசம்பர் 3, ஞாயிறு இரவு. மிக்ஜாம் புயல் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. கரண்ட் பத்து மணிக்கே போய்விட்டது. குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டு நானும் படுத்தேன். விடியற்காலை நாலு மணி இருக்கும், சமையலறையில் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி டொக், டொக் என்று சத்தம். திருடன் என்று நினைத்து மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருந்தேன். டார்ச் அடித்துப் பார்த்தால், காலி கேஸ் சிலிண்டர் மிதந்துபோய்க் கதவில் இடித்துக்கொண்டிருக்கிறது. கட்டிலுக்குக் கீழே முழங்கால் அளவு கறுப்புத் தண்ணீர். மகனைத் தோளில் போட்டுக்கொண்டு, மகள் என் நைட்டியைப் பிடித்துக்கொள்ள, அத்தையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். இருபதடி அகலத் தெரு. அதைத் தாண்டப் பத்து நிமிடம் ஆனது. சாக்கடை மூடி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் காலால் தடவித் தடவி நடந்தேன். எதிர்வீட்டு அக்கா மேலே நின்று டார்ச் அடித்துக்கொண்டே, "வலது பக்கமா வா, இடது பக்கம் பள்ளம்" என்று கத்திக்கொண்டிருந்தார். அவர் வீட்டு மாடியில் நாலு நாள் இருந்தோம். கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. தோஹாவில் அவர் டிவியில் முடிச்சூரைப் பார்த்துக்கொண்டு என் நம்பரை அடித்து அடித்துப் பைத்தியம் பிடித்த மாதிரி இருந்திருக்கிறார். இரண்டாம் நாள் படகில் பால் பாக்கெட் வந்தது. பெருங்களத்தூர்ப் பக்கம் ரோட்டில் முதலை போன வீடியோ அப்போதுதான் எல்லோர் போனிலும் சுற்றிக்கொண்டிருந்தது. சார்ஜ் இருந்த யாரோ ஒருவர் அத்தையிடம் அதைக் காட்டிவிட்டார். அப்புறம் தண்ணீர் முழுக்க வடியும் வரை அவர் கீழே காலே வைக்கவில்லை.

அந்த மாடியில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் சிமென்ட் மேடை எதற்கு என்று புரிந்தது. அக்கா வீட்டுக் கீழ்த்தளத்திலும் அரையடி தண்ணீர் புகுந்திருந்தது, மேடை மேல் இருந்த வாஷிங் மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. "வந்த அன்னைக்கே கேட்டிருக்கக் கூடாதா, சொல்லியிருப்பேனே" என்றார். பிறகு அவரே, "நாங்களா வந்து எப்படிச் சொல்றது, வீட்டுக்காரர் கோவிச்சுக்குவார்" என்றும் சொன்னார்.

தண்ணீர் வடிந்த பிறகு கணக்குப் பார்த்தேன். புது ஃப்ரிட்ஜ் 24,000. வாஷிங் மெஷின் ரிப்பேர் 6,500. ஸ்கூட்டி இன்ஜின் 8,700. ப்ளைவுட் கட்டிலும் அலமாரியும் ஊறி உப்பி, கைவைத்தால் அப்பளம் மாதிரி பொரிந்து வந்தன, 28,000. அரசு வெள்ள நிவாரணமாக ரேஷன் கார்டுக்கு 6,000 ரூபாய் கொடுத்தது. நான் சோம்பேறித்தனத்தில் கார்டை மாற்றாமல் வைத்திருந்ததால் சைதாப்பேட்டைக் கடைக்கே போய் வரிசையில் நின்று வாங்கினேன். மாற்ற விண்ணப்பம் போட்டுப் பாதியில் நின்றவர்கள் இரண்டு கடைக்கும் அலைந்ததைப் பார்த்தேன். அதற்காக மாற்றாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. போன முதல் மாதத்திலேயே மாற்றி முடித்துவிடுங்கள், இழுக்காதீர்கள்.

உடனே காலி செய்திருக்கலாமே என்று எல்லோரும் கேட்டார்கள். எங்கே போவது? பள்ளிக்கூடத்தில் இரண்டு பேருக்கும் சேர்க்கைக் கட்டணம் என்று மட்டும் 31,000 கட்டியிருந்தேன், அது திரும்ப வராது. நடுவில் டிசி வாங்கினால் படிப்பும் போகும். அதனால் பரீட்சை முடியும் வரை அதே வீட்டில், ஈரம் காயாத சுவரோடு இருந்தோம். மேகம் கறுத்தாலே அத்தை பையைக் கட்டி வைத்துவிடுவார். அந்த நாலு மாதத்தில்தான் ஊர் தேடுவது எப்படி என்று கற்றுக்கொண்டேன்.

இந்த முறை வீட்டைப் பார்க்கவே இல்லை, ஊரைத்தான் பார்த்தேன். கிழக்குத் தாம்பரம் முதலிலேயே கழன்றுகொண்டது, வாடகை எனக்குக் கட்டாது. மிச்சம் ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், செங்கல்பட்டு. சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டு ஒவ்வொன்றாகப் போனேன். ஊரப்பாக்கத்தில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் பக்கம், தென் மாவட்ட பஸ்கள் அங்கிருந்துதான் புறப்படும், 2023 டிசம்பர் கடைசியில் திறந்தார்கள். எங்கள் சொந்த ஊர் திருநெல்வேலி என்பதால் அது பெரிய ஆசை காட்டியது. ஆனால் வருடத்துக்கு மூன்று தடவை பஸ் ஏறும் வசதிக்காகத் தினமும் ஜிஎஸ்டி ரோடு நெரிசலில் நிற்பது எனக்குச் சரிப்படவில்லை. கூடுவாஞ்சேரியில் கடை, பள்ளிக்கூடம் எல்லாம் நிறைய. என் பட்ஜெட்டில் கிடைத்தவை நந்திவரம் ஏரிப் பக்கத்துத் தாழ்வான தெருக்கள். அங்கே ஒருவரிடம் 2015 கேள்வியைக் கேட்டேன், கை இடுப்புக்குப் போனது, திரும்பி வந்துவிட்டேன். செங்கல்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, ரயிலும் அங்கிருந்தே புறப்படுவதால் உட்கார இடம் கிடைக்கும். தூரம்தான் இடித்தது.

மறைமலைநகர் 1980 வாக்கில் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) திட்டம் போட்டு உருவாக்கிய ஊர். மறைமலை அடிகள் பெயர். தெருக்கள் அகலமாக, நேராக இருக்கும். பகுதிகளுக்கு என்.எச்.1, என்.எச்.2 என்று பெயர். நெய்பர்ஹுட் என்பதன் சுருக்கம் அது, ஆனால் கொரியர்காரர் இன்னமும் நெடுஞ்சாலையில் நின்றுகொண்டு போன் செய்வார். அங்கே ஒரு திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்குப் போய் நின்றேன். ஸ்டேஷனில் எத்தனை பெண்கள் ஏறுகிறார்கள், லேடீஸ் பெட்டியில் கால் வைக்க இடம் இருக்கிறதா, எழும்பூர் போய்ச் சேர எவ்வளவு ஆகிறது என்று பார்த்தேன். ஒன்றே கால் மணி நேரம். இரவு ஒன்பதுக்கு வந்து இறங்கி ஸ்டேஷன் வாசலைப் பார்த்தேன். மருந்துக்கடை எத்தனை மணி வரை, இரவில் டாக்டர் யார் இருக்கிறார் என்று விசாரித்தேன், சர்க்கரை நோயாளி வீட்டில் இருந்தால் இது முக்கியம். நல்ல மழை பெய்த மறுநாள் இன்னொரு தடவை போனேன். அப்புறம்தான் வீடு தேடினேன். ரோட்டிலிருந்து மூன்று படி, முதல் மாடி, 12,500. அத்தைக்குப் படி கஷ்டம்தான். ஒரு கைப்பிடி மாட்டிக் கொடுத்தேன்.

முடிச்சூர் வீட்டுக்காரர் முன்பணம் ஒரு லட்சத்தில் 28,000 பிடித்துக்கொண்டார். பெயிண்டுக்கு 14,000, நோட்டீஸ் கொடுக்காததற்கு ஒரு மாத வாடகை 14,000. மார்ச் மாதமே வாயால் சொல்லியிருந்தேன். ஒப்பந்தத்தில் எழுத்துமூலம் இரண்டு மாதம் என்று இருந்ததைக் கையெழுத்துப் போடும்போது படிக்கவில்லை. வெள்ளம் நனைத்த சுவருக்கு நான் ஏன் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று கேட்டேன், "அக்ரிமென்ட்ல இருக்கும்மா" என்று முடித்துவிட்டார். 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தில், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று இருக்கிறது. நான் கொடுத்தது ஏழு மாதத்துக்கு மேல். இந்த முறை அதைச் சொல்லிப் பேரம் பேசினேன், 50,000-க்கு இறங்கினார்கள். காலி செய்வதாக இருந்தால் வாட்ஸ்அப்பிலாவது எழுதி அனுப்பிவிடுங்கள், தேதியோடு சாட்சியாக இருக்கும்.

சாமான் ஏற்றுகிறவர்களிடமும் ஏமாந்தேன். முதல் முறை போனில் 11,000 என்றார்கள், சாமானை லாரியில் ஏற்றிய பிறகு 16,500 ஆனது. தெருவுக்குள் லாரி வராது, ஆள் கூலி தனி என்றார்கள். சாமான் அவர்கள் வண்டியில் இருக்கும்போது என்ன சண்டை போடுவது. இரண்டாம் முறை நேரில் வந்து பார்க்கச் சொல்லி, தெருவையும் மாடிப்படியையும் போட்டோ எடுத்து அனுப்பி, 15,000 என்று எழுதி வாங்கினேன். ஒரு பைசா கூடவில்லை. புரோக்கர் கமிஷன் முதல் வீட்டுக்கு 14,000, இரண்டாவதற்கு 12,000. கூட்டிப் பாருங்கள், ஆரம்பத்தில் சொன்ன தொகை வரும். கரண்டையும் ஆட்டோவையும் அதில் சேர்க்கவில்லை, நிவாரணத்தைக் கழிக்கவும் இல்லை.

மறைமலைநகர் சொர்க்கம் ஒன்றும் கிடையாது. தாம்பரத்தோடு பாதி ரயில்கள் நின்றுவிடுவதால், எழும்பூரில் ஒரு வண்டியை விட்டால் சில நாள் அரை மணி நேரம் தேவுடு காக்க வேண்டும். மகன் தூங்கிய பிறகு வீட்டுக்கு வரும் நாட்கள் உண்டு. மகளுக்குப் பாட்டு வகுப்புக்கு நல்ல இடம் இன்னும் கிடைக்கவில்லை. அந்த நாட்களில் சைதாப்பேட்டையை நினைத்து எரிச்சலாக வரும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல். கரண்ட் போனது, ராத்திரி முழுக்கக் காற்று. நான் தூங்கவில்லை. ஒரு மணிக்கு ஒரு தடவை பால்கனிக்குப் போய் டார்ச் அடித்துத் தெருவைப் பார்த்தேன். தார் ரோடு தெரிந்தது. காலையில் எதிர்வீட்டு அக்காவுக்கு முடிச்சூருக்கு போன் போட்டேன். ஊரில் அங்கங்கே தண்ணீர் நிற்கிறது, எங்கள் தெருவில் கணுக்கால் அளவுதான், பயமில்லை என்றார். நாங்கள் இருந்த வீட்டுக்கு ஒரு புதுக் குடும்பம் வந்திருக்கிறதாம், கைக்குழந்தையோடு. "சொன்னீங்களாக்கா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வாஷிங் மெஷின் மேடை எதுக்குன்னு அந்தப் பொண்ணே கேட்டுச்சு, சொல்லிட்டேன்" என்றார்.